திருப்ப மறந்த சால்வை

டிப்போவில் அவருக்கு ரன்னிங் என்று பெயர். பஸ் நின்ற பிறகும் எஞ்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த ரன்னிங். டிரைவர் வேலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூங்கும்போதும் வலது கால் பிரேக்கைத் தேடும். சாப்பிட உட்கார்ந்தால் மேசை நடுங்கி, எதிரே இருப்பவர் தட்டிலுள்ள அவித்த முட்டை உருண்டு இவர் தட்டுக்கு வந்துவிடும் என்பார்கள். இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். பாதி மேசை வரைக்கும் வந்த முட்டையை அவருடைய அக்காவே பார்த்திருக்கிறாள்.

கல்யாணம் என்றால் கொஞ்ச நேரமாவது ஓரிடத்தில் உட்கார வேண்டும். அதனால் அவருக்கு அது ஆகவில்லை. அக்காவும் அவரும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். ஓர் அறையில் அக்கா இருந்தாள். இன்னோர் அறையில் இவர் நடந்துகொண்டிருந்தார்.

பின்னல் வேலை அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டதற்கும் இந்தக் கால்தான் காரணம். யாரோ ஒரு பயணி பஸ்ஸில் ஒரு பையை விட்டுவிட்டுப் போனார். உள்ளே இரண்டு பின்னல் ஊசி, ஒரு கம்பளி நூல்கண்டு, பாதியில் நின்ற காலுறை ஒன்று. பாதியில் நிற்கும் எதையும் ரன்னிங்கால் தாங்க முடியாது. குதிகால் வரை வந்துவிட்டு இப்படி அம்போவென்று விடுவார்களா என்று ஒரு நாள் பூராவும் முணுமுணுத்தார். மறுநாள் கடைசி ஸ்டாப்பில் பஸ் நிற்கும் நேரத்தில் ஊசியை எடுத்தார், முன்னால் போட்டிருந்த நூல் கண்ணிகளை உற்றுப் பார்த்து அதே மாதிரி போட்டுப் போட்டு முடித்துவிட்டார். பையைத் தேடி வந்த சொந்தக்காரர் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல், "இன்னொரு காலுக்கு எப்ப வரட்டும்?" என்றார். அன்றிலிருந்து ரன்னிங் விடவில்லை. ஊசி கையில் இருந்தால் நடுக்கமெல்லாம் விரல் வழியாக நூலில் இறங்கிவிடும். டைம் கீப்பரோடு சண்டை பிடிப்பதும் பாதியாகக் குறைந்தது.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தாள். ஓய்வு பெறப் போகிற வயது. அங்கே சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று அதைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். பஸ் ரூட்டின் கடைசி ஸ்டாப்புக்கு எதிரே கடை வைத்திருக்கும் கடிகாரக்காரர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலமானவர். ஒரு கடிகாரத்தை ஒருமுறை பார்த்தால் போதும். இவர் வாராவாரம் வந்து பார்த்தார். போகும்போது வேண்டுமென்றே ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டுப் போகிறார் என்பது ரன்னிங்கின் கட்சி. இதை ஒருநாள் வாய்விட்டே சொன்னார்.

"அவர் தளர்த்தலடா," என்றாள் அக்கா. "நான்தான் ஸ்டூல் போட்டு ஏறித் தளர்த்தினேன்."

ரன்னிங் தன் அறைக்கு நடக்கப் போனார்.

கடிகாரக்காரரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. மனிதர் அசையமாட்டார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால் குனிந்ததுதான். ஒருமுறை கடைக்கு வந்தவர் அவரைச் சிலை என்று நினைத்துத் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டு நாற்காலி தேடினாராம். வீட்டுக்கு டீ குடிக்க வந்தால் ஸ்பூனைக்கூட அது தூங்குகிறது, எழுந்துவிடப் போகிறது என்பது போலத்தான் தட்டில் வைப்பார். அவர் எதிரில் உட்கார்ந்தால் ரன்னிங்குக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும். எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. 'ஏங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில், கையெழுத்து போட்டால் முடிந்தது என்று ஏற்பாடு. இரண்டு தடவை தேதி குறித்தார்கள். இரண்டு தடவையும் அக்காவே தள்ளிப் போட்டாள். மூன்றாவது தேதி குறித்த அன்று தம்பியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவர் நின்றார்.

"உனக்கு மனசு இருக்கா, இல்லையா? வாயத் திறந்து சொல்லு."

"மனசில்லாம என்ன," என்றார் ரன்னிங். டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருந்தது குரல்.

"நீ இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நின்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இந்தத் தடவையும் இப்படியேன்னா விட்டுரலாம். அவரும் கேக்க மாட்டாரு, நானும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

"நான் எங்க மூஞ்சியத் தூக்கினேன்?"

"கண்ணாடியில போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார். தூக்கித்தான் இருந்தது. இறக்கிப் பார்த்தார், இறங்கவில்லை. பண்ணிக்கோ அக்கா, நல்லா இரு என்று நாலு வார்த்தை. அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தார். வாயைத் திறந்தால், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று வந்தது. இத்தனை வருஷமாக வாய் அதற்கே பழகிவிட்டது, என்ன செய்ய?

அக்கா உள்ளே போகவில்லை. "சரி, பேச வேணாம். அந்த ஆபீஸ்ல ஏசி எலும்பைக் கடிக்குது. எனக்கு ஒரு சால்வை பின்னிக் குடு. வெயில்காலப் பூவா இருக்கணும். சுத்தி லேஸ் வச்ச கரை. உன் வாயிலேர்ந்து வராதது கையிலேர்ந்தாவது வருதான்னு பாக்கறேன்."

ரன்னிங்குக்குப் புரிந்துவிட்டது. சால்வை ஒழுங்காக வந்தால் கல்யாணம். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு பின்னினால் அதுவும் சால்வையில் தெரிந்துவிடும். சலவைக்கூடத்துக்காரியின் கண்ணுக்குத் துணியில் எதையும் மறைக்க முடியாது.

வெளிர் மஞ்சளில் மெல்லிய நூலாக வாங்கினார். பூவுக்கு எங்கே போவது? அவர் ரூட்டில் ஒரு ரவுண்டானா இருந்தது. அதன் நடுவில் நகராட்சித் தோட்டக்காரர் வெயில்காலத்துக்கென்று ஒரு பூ போட்டிருந்தார். நீளத் தண்டு, உச்சியில் கிண்ணம் போல ஒரு பூ, கீழே இரண்டு இலை கை தூக்கி நிற்கும். பஸ்ஸில் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள், இரண்டு பேர் அதற்காகச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். தோட்டக்காரரையே கேட்டார்கள். "விதைப் பாக்கெட் மழையில நனைஞ்சு பேரு அழிஞ்சு போச்சுங்க," என்றார் அவர்.

பேர் இல்லாவிட்டால் என்ன, பூ இருக்கிறதே. ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பூவை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? இதழ் எங்கே மடிகிறது என்று பார்ப்பதற்குள் பஸ் ரவுண்டானாவைத் தாண்டிவிடும். ரன்னிங் இன்னொரு சுற்று சுற்றினார். அப்போது இதழ் தெரிந்தது, இலை தெரியவில்லை. இன்னொரு சுற்று. ஜன்னலோரம் இருந்தவர்களுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு பெரியவர் சரியான ஸ்டாப்பில் இறங்கிவிட்டு, தரை சுற்றுகிறது என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இரண்டு பேருக்கு மலையேறினால் வருகிற மாதிரி காது அடைத்துக்கொண்டது. ஆனால் யாரும் புகார் கொடுக்கவில்லை. நாளாக ஆக எல்லோரும் சேர்ந்தே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இலை கொஞ்சம் சாஞ்சிருக்குங்க!"

"காத்துல சாஞ்சிருக்கும்யா. இன்னொரு ரவுண்டு போங்க, நிமிருதான்னு பாப்போம்."

கண்டக்டரம்மா மட்டும் விசிலை வாயில் வைத்தபடி தலையில் அடித்துக்கொள்வார். அவர் சிரித்த முகம்தான், ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். "அண்ணே, இது ரூட் பஸ்ஸா, ராட்டினமா? டிக்கெட்டை எதுக்குன்னு கிழிக்கிறது?"

கடைசி ஸ்டாப்பில் டைம் கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "ஏன்யா லேட்டு?"

"இதழ் மடிப்பு சரியாத் தெரியல சார்."

டைம் கீப்பர் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் 'போக்குவரத்து நெரிசல்' என்று எழுதிக்கொள்வார்.

பார்த்ததை மறப்பதற்குள் பின்ன வேண்டும். பஸ் நின்றதும் ஊசியை எடுப்பார், டீகூடக் குடிக்காமல் பின்னுவார், விசில் கேட்டதும் சீட்டுக்கு அடியில் வைப்பார். வீட்டில் நடந்துகொண்டே பின்னினார். அக்கா கேட்டால் மறைத்துக்கொள்வார். "முடியட்டும், பாக்கலாம்." பூ மேல் பூவாகச் சால்வை வளர்ந்தது. வெயில்காலம் முடிவதற்குள், பூ கொட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கை பறந்தது. ஊசிகள் உரசுகிற இடத்தில் புகை வந்ததாக முன் சீட்டுப் பெண்மணி ஒருத்தி சொன்னாள். வாசனை வந்தது உண்மை.

கல்யாண வாரம் பிறந்தபோது நடுப்பகுதி முழுக்க முடிந்துவிட்டது. சுற்றிலும் லேஸ் கரை மட்டும்தான் பாக்கி. மேல்முனைக் கண்ணிகளெல்லாம் இன்னும் ஊசியிலேயே இருந்தன. கடைசி ஸ்டாப்பில் ரன்னிங் அதைக் கண்டக்டரம்மாவிடம் கொடுத்தார்.

"ஊசி குத்தாம தோள்ல போட்டுக் காட்டும்மா. நீளம் பாக்கணும்."

கண்டக்டரம்மா டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு, சால்வையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பஸ் கண்ணாடியில் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் ரன்னிங் பக்கத்தில் போனார்.

"என்னம்மா?"

"அண்ணே, இந்தத் தோள்ல பூ நிமிர்ந்து நிக்குது."

"நிக்கட்டும்."

"அந்தத் தோள்ல வௌவால் மாதிரி தலைகீழாத் தொங்குது."

ரன்னிங் பார்த்தார். தொங்கியது. பூ கீழிருந்து மேலாகத்தான் பின்னப்படும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே ஓட்டமாகப் பின்னினால், ஒரு தோளில் ஏறுகிற பூ கழுத்தைத் தாண்டி மறு தோளில் இறங்கும்போது தலைகீழாகத்தானே இறங்கும்? பின்னத் தெரிந்தவர்கள் இரண்டு முனையிலிருந்தும் தனித்தனியாகப் பின்னிக்கொண்டு வந்து கழுத்தில் சேர்ப்பார்கள். காலுறையும் குல்லாவும் பின்னிய கைக்கு அது தெரியவில்லை.

"இத்தனை வருஷமா இந்த ஸ்டாப்புல பஸ்ஸைத் திருப்புறீங்க," என்றார் கண்டக்டரம்மா. "சால்வையைத் திருப்பணும்னு தோணலையாண்ணே?"

ரன்னிங் பஸ்ஸை விட்டு இறங்கி அதைச் சுற்றி நடந்தார். டயரை உதைத்தார். ஒரு பாதி வாடித் தொங்குகிற சால்வையை அக்கா தோளில் போட்டால் அவள் என்ன நினைப்பாள்? வாய்தான் வரவில்லை, கையும் அரைமனசுதான் என்று நினைப்பாள். பேனாவை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து துணி மடிப்பாள். அப்புறம் அந்தப் பேச்சே இருக்காது. அவள் சொன்னால் சொன்னதுதான்.

முழுக்கப் பிரித்துப் பின்ன நேரம் கிடையாது. ஒரே ஒரு வழி இருந்தது. சால்வையை நடுவே குறுக்காக வெட்ட வேண்டும். பிறகு ஒரு பாதியை அப்படியே திருப்பி, இரண்டு பாதியின் பூந்தலைகளும் கழுத்தில் சந்திக்கும்படி கண்ணியோடு கண்ணி கோக்க வேண்டும். சொல்லச் சுலபம். வெட்டிய இடத்தில் ஒவ்வொரு கண்ணியும் திறந்த வாயோடு நிற்கும். ஒன்று நழுவினால் போதும், அது இறங்கி அடுத்த பூவைத் தின்னும், தண்டைத் தின்னும், அதற்கடுத்த பூவுக்குப் போகும். தொட்டால் நடுங்கக் கூடாது, மூச்சு பலமாக விடக் கூடாது.

ஒரு பழைய காலுறையில் வெட்டிப் பழகிப் பார்த்தார். கால் ஆடியது, மடி ஆடியது, காலுறை ஆடியது. அவர் ஒரு தும்மல் போட்டார், குதிகால் காணாமல் போனது. மறுபடி குனிந்து பார்த்தபோது மடியில் சுருள் சுருளாக நூல்தான் இருந்தது.

"ஆடாத கை வேணும்ணே," என்றார் கண்டக்டரம்மா.

"யாருகிட்ட இருக்கு?"

கண்டக்டரம்மா சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த கடிகாரக் கடையைப் பார்த்தார். ரன்னிங்கும் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க நான் போக மாட்டேன்."

"நீங்க போக வேணாம். உங்க கால் எங்கயாவது போயிக்கிட்டேதான இருக்கு, அதுங்கூடச் சும்மா போயிட்டு வாங்க."

அடுத்த நாள் ட்ரிப் முடிந்ததும் சால்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். கடை வாசலைத் தாண்டி நடந்தார். திரும்பி நடந்தார். மறுபடி தாண்டினார். அவர் நடந்த நடையில் நடைபாதைக் கல்லில் ஒரு பள்ளம் விழுந்தது. இப்போதும் மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது.

"உள்ள வாங்க," என்று குரல் வந்தது. கடிகாரக்காரர் தலையைத் தூக்கவில்லை. "நிழல் வந்து வந்து போகுது. வேலை ஓட மாட்டேங்குது."

கடை ஒரு ஆள் அகலம்தான். சுவர் பூராவும் கடிகாரம், ஒன்று சொல்கிற நேரத்தை இன்னொன்று ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை டிக் டிக்குக்கும் ரன்னிங்கின் முழங்கால் ஈடு கொடுத்து ஆடியது. மேசை மேல் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பற்சக்கரங்கள் கிடந்தன. ரன்னிங் உள்ளே நுழைந்ததும் எல்லாம் கிணுகிணுவென்று நடுங்கின. கடிகாரக்காரர் ஒவ்வொரு கிண்ணத்தையும் மூடி வைத்தார்.

"ஏங்க... ஒரு வெட்டுற வேலை," என்றார் ரன்னிங்.

"எதுல?"

சால்வையை விரித்தார். தலைகீழ் சமாசாரத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லக் காது சூடானது. கடிகாரக்காரர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கி ஒரு பூவை மட்டும் வெகுநேரம் பார்த்தார். நாமெல்லாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம், அவ்வளவு நேரம்.

"இந்தப் பூ ரவுண்டானால இருக்கறதாச்சே."

"ஆமாங்க."

"நானும் பஸ்ல இருந்தேன் ஒரு நாள். நாலு சுத்து சுத்தினீங்க. எதுக்குன்னு அன்னிக்குப் புரியல." பூதக்கண்ணாடியை மேலே ஏற்றினார். "நான் கண்ணியைப் பிடிச்சிக்கறேன். கோக்கறது நீங்கதான் கோக்கணும். எனக்கு அது தெரியாது."

"என் கால் ஆடுங்க."

"தெரியும். உங்கக்கா சொல்லியிருக்காங்க." எழுந்தார். சுவரிலிருந்து ஒரு பெண்டுலக் கடிகாரத்தை இறக்கிக்கொண்டு வந்து, ரன்னிங்கை ஸ்டூலில் உட்கார வைத்து, அவர் மடியில் நிற்க வைத்தார். பெண்டுலத்தை ஒரு விரலால் தட்டிவிட்டார். "மேசையில இடமில்ல. இது கொஞ்சம் உங்க மடியில இருக்கட்டும். சாஞ்சா நின்னுடும்."

"நின்னா?"

"நின்னா ஒரு வார வேலை போச்சு. மொதல்லேர்ந்து பாக்கணும்."

இது உண்மைதானா என்று ரன்னிங்குக்கு அப்போதும் தெரியாது, பிறகும் யாரும் கேட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று தன்னால் நிற்பதா? அது அவர் ரத்தத்தில் கிடையாது. முழங்கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டார். கால் ஆட வந்தது. பல்லைக் கடித்தார். ஆட வேண்டியதெல்லாம் உள்ளங்காலுக்குப் போய் அங்கேயே சுருண்டு கிடந்தது.

கடிகாரக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு வரியில் ஒரே ஒரு கண்ணியை வெட்டினார். ரன்னிங் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அந்த வரி நூலை இடுக்கியால் உருவிக்கொண்டிருந்தார் அவர். கண்ணிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன, திறந்ததும் அவற்றை ஊசியில் ஏற்றிவிட்டார். சால்வை இரண்டானது. ஒரு பாதியைத் திருப்பி, பூந்தலையும் பூந்தலையும் எதிரெதிரே வருகிற மாதிரி வைத்தார்கள். ரன்னிங் கோக்கத் தொடங்கினார். இடுக்கி ஒரு கண்ணியைக் காட்டும், இவர் நூலை உள்ளே விட்டு இழுப்பார். மறு பாதியிலிருந்து ஒன்று காட்டும், இழுப்பார். மடியில் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அவர் ஓரிடத்தில் இருந்தது பிறந்த பிறகு அதுவே முதல் தடவை. அதற்கு முன்னால் இருந்ததற்கும் உத்தரவாதமில்லை.

பேசாமல் இருந்தால் வெடித்துவிடும் போலிருந்தது. "உங்களுக்குப் படபடப்புன்னு ஒண்ணு வரவே வராதாங்க?"

"ஏன் வராம?" இடுக்கி அசையவில்லை. "நேத்து ஒருத்தர் வாட்ச்சுல பெரிய முள் எடத்துல சின்ன முள்ள மாட்டிக் குடுத்துட்டேன். மனுஷன் காலையிலயே ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாராம். பொண்டாட்டி வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க."

"நீங்களா?"

"நானேதான். ரெண்டு வாரமா இப்படித்தான். உங்கக்கா கையெழுத்துப் போடுவாங்களா மாட்டாங்களான்னு தெரியலையே. போடலன்னா திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கேக்க மாட்டேன். கேட்டா அவங்களுக்குக் கஷ்டம்." குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. ரேடியோவில் வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். ஆனால் நெற்றியிலிருந்து ஒரு வேர்வைத் துளி கிளம்பி மூக்கு வழியாக இறங்கி நுனியில் வந்து நின்றது. அதைத் துடைக்கக் கையை எடுத்தால் கண்ணி நழுவும். அவர் எடுக்கவில்லை.

ரன்னிங்குக்கு முழங்கால் ஒரு தூக்கு தூக்கிவிட்டது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி எகிறியது. சரசரவென்று இறங்கி ஒரு பூவின் உச்சியைக் கடித்து, தண்டு வரை போனது. இடுக்கி பாய்ந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்தபோது கண்ணி இடுக்கியின் நுனியில் இருந்தது.

"பெண்டுலம்," என்றார் கடிகாரக்காரர் மெதுவாக.

ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தப்பிய கண்ணியை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினார்கள். கடைசிக் கண்ணி முடிந்ததும் ரன்னிங் தன் தோள் துண்டை எடுத்து அவருடைய மூக்கு நுனியைத் துடைத்துவிட்டார். இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏதோ ஒரு கடிகாரத்தைப் பார்ப்பது போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

லேஸ் கரை பாக்கி. அதைப் பற்றி டிப்போவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ட்ரிப்புக்கு நடுவில் பின்னினார், சிவப்பு விளக்கில் பின்னினார், எதிர்ப்பட்ட சிவப்பு விளக்குகளெல்லாம் அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே நின்று கொடுத்தன. முடிந்ததும் அது லேஸாகவே இல்லை. கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி சுருண்டு கிடந்தது. நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காய வைத்தால்தான் இதழ் விரியும். வீட்டில் விரித்தால் அக்கா பார்த்துவிடுவாள். பஸ்ஸின் நீளப் பின் சீட்டில் ஈரத்தோடு விரித்துச் சுற்றிலும் குண்டூசி குத்தி வைத்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் நிரம்பி வழிந்த நாள் அது. கால் கடுக்க நின்றார்களே தவிர, ஒருத்தர்கூட அங்கே உட்காரவில்லை. "தம்பி, குழி வருது, பார்த்துப் போங்க, பூ சிலுப்புது," என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு ட்ரிப் காற்றில் கரை பூராவும் பல் பல்லாக விரிந்து நின்றது.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் ஏசி உண்மையிலேயே எலும்பைக் கடித்தது. காத்திருப்பவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. கடிகாரக்காரர் தேய்த்த சட்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றார். ரன்னிங் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய் வந்துகொண்டிருந்தார். பதிவாளர் அழைத்த பிறகும் அக்கா மேசையருகே பேனாவைத் தொடாமல் நின்று தம்பியைப் பார்த்தாள்.

"எங்கடா?"

காகிதப் பொட்டலத்தை நீட்டினார். சொல்லியிருக்க வேண்டியது அந்த நாலு வார்த்தைதான். வாயைத் திறந்தார். உள்ளே 'டிக்கெட் எடுத்தாச்சா' என்பது தயாராக நிற்பது தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். போர்த்திக்கொள்ளவில்லை. வெளிச்சத்தில் பிடித்து ஒரு தோள் பக்கம் பார்த்தாள், மறு தோள் பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். விரலை ஓட்டிக்கொண்டே போனவள் கழுத்தருகே, வெட்டிச் சேர்த்த இடத்தில், நிறுத்தினாள். பூக்கள் தலையோடு தலை முட்டுகிற வரியில் அரைக் கண்ணி விலகியிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது.

"இங்க என்ன ஆச்சு?"

இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள்.

அக்கா சால்வையை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தாள். சேர்த்த இடம் நடுவில் வருகிற மாதிரி பிடித்து, ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் கிழிகிறதா என்று சோதிப்பது போல ஓங்கி ஒரு இழு இழுத்தாள்.

"ஐயய்யோ!" என்றார் அசையாத மனிதர். ஒரே தாவலில் மேசையைத் தாண்டினார். பதிவாளருடைய மைக்கூடு உருண்டது.

"மாமா, அந்தப் பக்கம் பிடிங்க!" என்று அலறினார் ரன்னிங். "விடாதீங்க மாமா!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். சால்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர்த்த வரி கம்பி போல நின்றது. அக்கா எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தாள்.

"இப்ப அவரை என்னன்னு கூப்பிட்ட?"

"யாரை?" என்றார் ரன்னிங். மூச்சு வாங்கியது. "நான் யாரையும் கூப்பிடல. சால்வையைப் பிடிங்கன்னு சொன்னேன்."

"சரி," என்றாள் அக்கா. "போர்த்தி விடுங்க ரெண்டு பேரும். குளிருது."

பேனாவைக் கேட்டு வாங்கினாள்.